வலிக்காத பல்செட்

புதுப் பல்செட் வலிக்கவில்லை. முருகம்மாளுக்கு அதுதான் முதலில் இடித்தது. முகாமுக்கு வந்த டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: ரெண்டு வாரம் ஈறு புண்ணாகும், பேச்சு குழறும், கஞ்சி இட்லிதான், உறுத்துற இடத்தை ராவித் தாரேன், வா. மூன்றாம் நாளே அவள் கடலை மிட்டாயைக் கடித்துத் தின்றாள். பல் புதுசு மாதிரி இல்லை. வாய்தான் அதற்குப் புதுசு மாதிரி இருந்தது.

முகாம் நடந்தது திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில். தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இலவசம். முருகம்மாளிடம் இருந்தது பத்திரகாளியின் அட்டை. ஆமத்தூர்ப் பக்கம் லைசென்ஸ் இல்லாத ஷெட்டில் போன வருசம் வெந்து செத்தவள் பத்திரகாளி. அந்தச் சாவு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. அதனால் ஏஜெண்டு ராஜபாண்டியன் செத்தவள் அட்டையிலேயே இவளை வேலைக்கு ஏற்றிவிட்டான். முகாமில் பல்லுக்கு அச்செடுக்கும்போதும் அந்தப் பேரைத்தான் சொன்னாள்.

"பேருல என்னத்தா இருக்கு, வாய் ஒன் வாய்தான?" என்று சிரித்தான் அவன்.

பத்திரகாளியின் மகள் சினேகாவை வளர்ப்பதும் முருகம்மாள்தான். பதினோரு வயசு. அந்தப் பிள்ளையை விட்டால் முருகம்மாளுக்கு வேறு நாதியில்லை.

ஐந்தாம் நாள் சோறு வைத்தபோது சினேகா தட்டைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

"எங்கம்மா மாதிரியே பேசுறீக அத்தை."

"பல்லு கட்டுனா எல்லாரும் ஒண்ணுபோலதாண்டி பேசுவாக."

"எங்கம்மாதான் என்னைய குருணைன்னு கூப்பிடும். இப்ப நீங்க கூப்பிட்டீக."

கூப்பிட்டதாக முருகம்மாளுக்கு நினைவில்லை.

அதன் பிறகு வாயைத் திறக்கவே பயந்தாள். ஷெட்டில் சேர்ந்த அன்றைக்கே சொல்லித் தருவார்கள்: பொறியைப் பார்த்தா வெளியே ஓடு, கதவைச் சாத்து, தீ அடுத்த ரூமுக்குத் தாவக் கூடாது. பத்திரகாளி செத்த அன்றைக்கு அதே ஷெட்டிலிருந்து இவளும் அப்படித்தான் ஓடினாள். சாத்தினாள். கொண்டியும் போட்டாள். உள்ளேயிருந்து தட்டுவது கேட்டது. அடுத்த நொடி அந்தக் கதவே பறந்து வந்து அவள் பல்லையெல்லாம் உதிர்த்தது. கதவு காத்துல சாத்திக்கிருச்சு என்று ஊருக்குச் சொன்னாள். சினேகாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்து கரண்டு போனது. நனைந்த தெருவிலிருந்து வெடிமருந்து நெடி ஏறி வீட்டுக்குள் கனத்து நின்றது. மெழுகுவத்தியைப் பொருத்திவிட்டு சினேகா கேட்டாள்.

"அத்தை, அன்னைக்கு எங்கம்மா கதவத் தட்டுச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. பல் விடவில்லை.

"தட்டு..."

விரலை உள்ளே விட்டாள். மேல் செட். கீழ் செட். பிடுங்கினாள். கைக்கு எட்டிய தண்ணீர் டம்ளரில் போட்டாள். பின்வாசலுக்கு ஓடினாள். கொப்பளித்தாள். இன்னொரு தடவை. தடவிப் பார்த்தாள். வெறும் ஈறு. தன் ஈறு.

உள்ளே பேச்சுக் குரல்.

திரும்பி வந்தாள். வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

சினேகா தரையில் சம்மணம் போட்டுக் குனிந்திருந்தாள். டம்ளரின் விளிம்பில் காது. தண்ணீர் குமிழி விட்டது. நின்றது. மறுபடியும் விட்டது.

"ம்," என்றாள் சினேகா, கதை கேட்பவளைப் போல. "ம். பெறவு? கொண்டியப் போட்டது யாரும்மா?"