வேங்கைகளின் புது வாய்

"அதைக் கொல்லணும்னு ஊர் ஊரா மைக் போட்டுக் கேட்டது யாருண்ணே? நானா?"

செங்கொடி இப்படிக் கேட்டதும் நெப்போலியன் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டான். நீதிமன்ற கேன்டீனில் கூட்டம் நெரிந்தது. வெளியே அவன் ஆட்கள் பட்டாசுக் கட்டுகளோடு காத்திருந்தார்கள்.

"எல்லாருந்தான் கேட்டோம்" என்றான்.

"நாங்க கை தட்டுனோம். கேட்டது நீ."

எதிரில் உட்கார்ந்திருந்த வக்கீல் அருள்மொழி கறுப்பு அங்கியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். "இங்க பாருங்க, நெப்போலியன். காலையில முதல் வேலையா கபடிக் கழகம் குத்தத்தை ஒத்துக்கிடுச்சு. அதிகபட்ச தண்டனையே குடுங்கன்னு அவங்க வக்கீலே கேட்டுட்டாரு."

"அப்ப ஜெயிச்சிட்டோம்ல மேடம்?"

"ஒத்துக்கிட்டா விசாரணை கிடையாது. சங்கவாயைக் கூண்டுல நிறுத்த மாட்டாங்க. நீங்க கேக்கணும்னு வச்சிருந்த கேள்வியக் கேக்கவே முடியாது. இதத்தான் அன்னைக்குச் சொன்னேன். நீங்கதான் 'கழகத்துக்கிட்ட காசு வாங்கிட்டியா'ன்னு கத்துனீங்க."

நெப்போலியன் வெளியே இருந்த பட்டாசுக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். சட்டம் தெரியாது, ஆனால் சங்கவாயைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. ஒரு காலத்தில் எந்தச் சங்கத்திடம் போய் நியாயம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: அது பழைய நிர்வாகம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்கள் மாறுவார்கள், சாவார்கள், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும். அதனால் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு சங்கமும் தனக்கென்று ஒரு இயந்திர மனதை வளர்க்க வேண்டும். சங்கத்தின் தொலைபேசிப் பேச்சு, கூட்டத்தில் போட்ட சண்டை, கேமராப் படம், தலைவர் செயலாளருக்கு அனுப்பிய குரல் செய்தி என்று பழசும் புதுசும் எல்லாம் அதற்குள் போகும். 'நான்தான் இந்தச் சங்கம்' என்று அது பேசும்; அதுதான் சங்கவாய். நீதிமன்றக் கூண்டில் அதனால் பொய் சொல்ல முடியாது. குற்றவாளி என்று ஆனால் அதற்கும் மரண தண்டனை உண்டு. அதன் நினைவை அடியோடு அழிப்பார்கள். அதற்கு வாய்முடிப்பு என்று பெயர்.

பாமணிக்கரை வேங்கைகள் கபடிக் கழகத்தின் பயிற்சி முகாமில் மாஸ்டர் சிறுவர்களை என்ன செய்தார் என்பதைச் சொல்ல, வளர்ந்த பிறகு நெப்போலியனும் இன்னும் சிலரும் முன்வந்தார்கள். மாஸ்டர் அதற்குள் செத்துப்போயிருந்தார். மூடி மறைத்த செயலாளரும் செத்துவிட்டார். மிச்சம் இருந்தது கழகம்தான். 'வேங்கையை அவுட் பண்ணு!' என்று நெப்போலியன் மைக்கில் கத்தினான். மாநிலமே திருப்பிக் கத்தியது. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் முதன்முதலில் வாயைத் திறந்தவன் நெப்போலியன் இல்லை, செங்கொடியின் அண்ணன் பூபேஷ். பதினான்கு வயதில் நேராகச் செயலாளரிடம் போய்ச் சொன்னான். அந்த வாரமே கழகத்தின் வெள்ளிச் சுழற்கோப்பை காணாமல் போனது. இறுதி ஆட்டம் முடிந்து ஊரே மைதானத்தில் இருந்தபோது மைக்கில் அறிவித்தார்கள், கோப்பையைத் திருடியவன் பூபேஷ் என்று. காவல் நிலையத்திலும் புகார் கொடுத்தார்கள். அது இன்றுவரை முடிக்கப்படாமல் கிடக்கிறது. கட்சிக் கொடியேற்றி, ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய அவன் அப்பா, பிள்ளையை வாசலிலேயே வைத்து அடித்தார். பூபேஷ் ரயில் ஏறி சூரத்துக்குப் போனான். அங்கே தறிக் கொட்டகையில்தான் வளர்ந்தான். அப்பா செத்ததற்கும் வரவில்லை.

"எந்த மைக்ல சொன்னாங்களோ அந்த மைக்ல, அந்த கிரவுண்டுல, நான் திருடலன்னு கழகமே சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்" என்பான்.

செங்கொடிக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். கூண்டில் ஏறியிருந்தால் சங்கவாய் அதைச் சொல்லியிருக்கும். நீதிமன்றம் அதை மைதானத்தில் ஒலிக்க வைத்திருக்கும்.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. சங்கவாய் மன்னிப்புக் கேட்டது. எவ்வளவு அழகாகக் கேட்டது தெரியுமா! "எங்கள் கூரையின் கீழ் அழுத ஒவ்வொரு குழந்தைக்கும்" என்று தொடங்கியபோது பத்திரிகைக்காரர்களே கண்ணைத் துடைத்தார்கள். யார் பெயரும் அதில் இல்லை. கழகத்தின் வக்கீல் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் வாசிக்க அதற்கு அனுமதி.

நெப்போலியன் எழுந்துவிட்டான். "ஐயா, ஒரே ஒரு கேள்வி! கோப்பையை எடுத்தது யாருன்னு அதைச் சொல்லச் சொல்லுங்கய்யா!"

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. "குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கில் விசாரணை இல்லை. நீங்கள் கேட்ட தண்டனையைக் கொடுத்துவிட்டேன். உட்காருங்கள்."

வெளியே பட்டாசு வெடித்தது. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

வாய்முடிப்புக்கு முன்பு பாதிக்கப்பட்டவர்கள் அதை ஒருமுறை பார்த்துப் பேசலாம் என்று விதி இருந்தது. சின்ன அறை. மொபைலை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். சுவரில் ஒரு ஒலிபெருக்கி, எதிரில் இரண்டு நாற்காலிகள்.

"நெப்போலியன்" என்றது அது. செயலாளரின் குரலும் இல்லை, மாஸ்டரின் குரலும் இல்லை. இருந்தும் இரண்டு பேரையும் அவனுக்கு ஞாபகப்படுத்தியது. "இடதுபக்க ரெய்டர். கூட யாரு, செங்கொடியா? அண்ணன் விளையாடும்போது கோட்டுக்கு வெளிய உக்காந்து புளியங்காய் தின்னுட்டு இருப்பியே."

செங்கொடி பல்லைக் கடித்தாள். "கோப்பைய யாரு எடுத்தா?"

"நான்தான்."

"நான்னா?"

"கழகம். செயலாளர் வீட்டு மாடியில கூட்டம் போட்டாங்க. 'பையன் வெளிய சொல்லிட்டா அடுத்த வருஷ டோர்னமென்ட் போயிடும்'னு தலைவர் சொன்னாரு. 'திருட்டுப்பய சொன்னா எவன் நம்புவான்'னு செயலாளர் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கோப்பைய மாஸ்டர் கார் டிக்கியில வச்சு எடுத்துட்டுப் போயி ஆத்துல போட்டாங்க. பூபேஷ் அதத் தொடவே இல்ல. எல்லாமே எங்கிட்ட இருக்கு, அவங்க சிரிச்ச சத்தம் உட்பட."

செங்கொடி அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தாள். "இத மைக்ல சொல்லு. கிரவுண்டுல. ஒரே ஒரு வாட்டி."

"தீர்ப்பான வாய் வெளிய பேசக் கூடாதும்மா. இங்க நான் சொல்றது எதுவும் செல்லவும் செல்லாது. கூண்டுல ஏறி சாட்சி சொல்றேன்னு நானே கேட்டேன். நிர்வாகம் வேணாம்னுடுச்சு. நான் இருந்தா அவங்களுக்கு ஆபத்து. நான் போகணும்னு அவங்க ரொம்ப நாளா நினைச்சாங்க. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தாங்க. நீங்க கேட்டீங்க."

நெப்போலியன் சுவரில் ஓங்கிக் குத்தினான். காவலர் கதவைத் திறந்தார்.

அன்றைக்கே அழித்துவிட்டார்கள்.

அருள்மொழி மேல்முறையீட்டுக்கு அலைந்தார். எந்த வாயைக் கொண்டுவந்து விசாரிப்பது என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். ஆனால் சட்டப்படி வாய் இல்லாமல் ஒரு சங்கம் நடக்க முடியாது. அதனால் கழகத்துக்குப் புது வாய் தயாரானது. பழைய நினைவு ஒரு துளிகூடச் சேரக் கூடாது என்பது தண்டனையின் விதி. செய்தித்தாள், அரசாங்கப் பதிவேடு என்று வெளியில் இருப்பது மட்டும்தான் புது வாய்க்குள் போகும்.

மைதானத்தில் விழா. பந்தல், ஜிகர்தண்டா, குட்டிக் குட்டி வேங்கை முகமூடிகள். 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பான கழகம்' என்று அரசு கொடுத்த பலகை வாசலில் பளபளத்தது. நெப்போலியனும் செங்கொடியும் முன்வரிசையில் போய் நின்றார்கள். அவள் சூரத்துக்கு போன் போட்டு அண்ணனை லைனிலேயே வைத்திருந்தாள்.

"புதுசுதானே. தெரியாதுன்னாவது சொல்லும்ல?" என்றாள் மெல்ல. "தெரியாதுன்னு சொன்னாக்கூடப் போதும். அந்த மைக்ல திருடன்னு சொன்னதுக்கு மேல தெரியாதுன்னு ஒரு சொல்லு விழுந்தாப் போதும்."

ஒலிபெருக்கி கரகரத்தது. "வணக்கம் மாமா, வணக்கம் அத்தை! நான்தான் பாமணிக்கரை வேங்கைகள்!"

குழந்தைக் குரல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. கூட்டம் ஓவென்று சிரித்து ஆர்ப்பரித்தது. புதிதாகப் பிறந்த வாய்க்கு அப்படித்தான் குரல் வைப்பார்கள்.

நெப்போலியன் மைக் அருகே போய்விட்டான். "பாப்பா, பூபேஷ்னு இங்க ஒருத்தன் விளையாடுனான். அவன்..."

புதுச் செயலாளர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். நல்ல மனிதர்தான், அந்தக் காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார். "அண்ணே, தயவுசெஞ்சு வேணாம். பதினெட்டு வருசம் முடியிறவரைக்கும் சட்டப்படி இது குழந்தை. பழைய குத்தத்தைப் பத்தி அதுக்கிட்ட பேசுனா குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்துல உங்க மேலதான் கேஸ் வரும். அந்தச் சட்டம் வந்ததே நீங்க போராடுனதாலதாண்ணே!"

"நான் ஒண்ணும் பேசல. ஒரு பேரத்தான் கேட்டேன்."

"எனக்குத் தெரியுமே!" என்று ஒலிபெருக்கி குதூகலித்தது. பதில் சொல்லத் துடிக்கும் பிள்ளையின் அவசரம் அதில் இருந்தது. காவல் நிலையத்தின் பதிவேடும் வெளியில் இருப்பதுதானே! செங்கொடி சட்டென்று போனை உள்ளங்கையால் இறுக்கி மூடினாள்.

"பூபேஷ் மாமாதானே? நம்ம வெள்ளிக் கோப்பையைத் திருடிட்டு ஓடிப்போனவரு!"

அதே மைதானம், அதே மைக்.

முன்வரிசையில் யாரோ, "அடேயப்பா, பொறந்த அன்னைக்கே வரலாறு சொல்லுதே!" என்றார்கள். கை தட்டல் தொடங்கியது. பந்தல் முழுக்கப் பரவியது. முகமூடி போட்ட பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

செங்கொடியின் கை தானாகத் தளர்ந்தது. போனிலிருந்து தறிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு பூபேஷின் குரல் வந்தது. அவ்வளவு சந்தோஷமான குரலை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"ஏ பிள்ள, கை தட்டுறாங்களே! சொல்லிடுச்சா? மைக்லயே சொல்லிடுச்சா? டிக்கெட் போடட்டுமா?"

அவள் போனை நெப்போலியனிடம் நீட்டினாள். நெப்போலியன் வாங்கவில்லை. போன் இன்னும் அவள் கையில் அப்படியே நீட்டியபடி இருக்கிறது, பூபேஷ் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறான். நீங்களே சொல்லுங்கள், இப்போது அதை நீங்கள் வாங்கினால் பூபேஷுக்கு என்ன சொல்வீர்கள்?