காயாத விரல்

வலது கை ஆள்காட்டி விரல் இன்றும் காயவில்லை. காலையிலிருந்து நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, கடைசியில் ஹேர் டிரையரின் சூட்டில்கூடக் காட்டிப் பார்த்துவிட்டாள். தோல் சுட்டதே தவிர ஈரம் போகவில்லை. நகத்திலிருந்து முதல் கணு வரைக்கும் ஒரு வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனால் அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாடை. பத்து நாளாக இதே கூத்துதான். கடற்கரை விழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதன்மேல் ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டாள்.

அவள் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். வருடா வருடம் விழாவுக்கு முன்னால் கடல் தண்ணீரை மூன்று பாட்டில்களில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. படகுத்துறையில் ஒன்று, நடுக்கரையில் ஒன்று, ஊர்க் கழிவு கடலில் கலக்கும் குழாய் வாயருகே ஒன்று. முழங்கால் ஆழத்தில் நின்று, பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். இந்த முறையும் அப்படித்தான் நிரப்பினாள். மறுநாள் காலை ஆபீஸ் ஃபிரிட்ஜைத் திறந்தபோது மூன்றாவது பாட்டிலில் ஆறின பால்போல ஆடை படிந்திருந்தது.

மூடியைத் திறந்து விரலை விட்டது அவள் செய்த முதல் முட்டாள்தனம். ஆடை கிழியவில்லை. விரலைச் சுற்றி மெதுவாகக் குவிந்து, பல் முளைக்காத வாய் சப்புவதுபோல ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை உள்ளே இழுத்தது. கையை உதறி, பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, எல்லாம் போகிறவரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அடுத்துச் செய்ததைத்தான் அவளால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. முதல் பாட்டிலின் நல்ல தண்ணீரில் பாதியை மூன்றாவதில் ஊற்றி மூடினாள். அந்த ஆபீஸில் அதற்குப் 'பங்கு போடுறது' என்று பேரே உண்டு. பங்கு போடும் பழைய ஆட்களை இத்தனை வருடமாக மனசுக்குள் திட்டியவள் அவள். ஆனால் பேனர் அடித்தாகிவிட்டது, கடைகளுக்கு இடம் பிரித்தாகிவிட்டது, விழாக்குழுத் தலைவர் தினமும் இரண்டு தடவை போன் செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, சிறுவர் நீச்சல் போட்டிக்காக அவள் மகள் மூன்று மாதமாகப் பயிற்சி எடுத்திருந்தாள். சோதனை முடிவு சுத்தம் என்று வந்தது. அதே விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அந்தப் எட்டு வயதுப் பெண்ணுக்குப் பேர் வாலு. புதிதாக முளைத்த இரண்டு பெரிய முயல் பற்களைக் காட்டிக்கொண்டு, நீச்சல் உடையில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர் சில்லென்று இருக்கும், சளி பிடிக்கும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா என்னென்னவோ சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தாள். கணவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"தண்ணி நல்லாருக்குன்னு நீதானே கையெழுத்துப் போட்ட? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் இறங்கும்போது நம்ம பிள்ள மட்டும் கரையில நின்னா நல்லாவா இருக்கும்?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும், மானமும் போகும். மகளின் துண்டை மடித்துப் பையில் வைத்தாள்.

கரையில் சுள்ளென்ற வெயில். பேண்டு வாத்தியம், சிப்பிக் கண்காட்சி, மணல் சிற்பங்கள், பொரிக்கும் எண்ணெய் வாசம், அதற்கடியில் அந்த இன்னொரு வாடை, அவள் விரலின் வாடை, இப்போது காற்று முழுக்க. ஒதுங்கிக் கிடந்த நுரையைக் காலால் தட்டினாள். குமிழ்கள் உடையவில்லை, அமுங்கி அமுங்கி எழுந்தன. சுற்றிலும் யாரும் மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை.

தலைவர் மைக்கில் அவளைக் கைகாட்டி, அம்மா சர்டிபிகேட் கொடுத்த கடல் இது, குடிக்கவே செய்யலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மைக் அவளுக்குக் கை எட்டும் தூரம். ஒரே ஒரு வார்த்தை போதும். வாய் திறந்தது. பிளாஸ்திரி சுற்றிய விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வாயை மூடிக்கொண்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

அறுபது பிள்ளைகள் இறங்கினார்கள். அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். அறுபது பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வாலு மூன்றாவதாக ஓடிவந்தாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

துண்டை விரித்து மகளை வாரிக்கொண்டாள். தலையைத் துவட்டினாள். தோளைத் துடைத்தாள். மறுபடி தோளை. துண்டு நனையவில்லை. தோள் காயவில்லை.

வெயில் கொளுத்தியது. மகள் பளபளத்தாள்.

அழுத்தித் தேய்த்தாள். முழங்கையில் தோல் சுருங்கித் திரண்டது. பால் ஆடை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு தாய் இன்னொரு துண்டு கேட்டாள். அதற்கப்பால் ஒரு அப்பா, "என்னடா, காயவே மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார். கரை நெடுகத் துண்டுகள். துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

"வாலு, அம்மாவப் பாரு. என்னடா செய்யுது?"

மகள் பார்த்தாள். இமைக்கவில்லை. உதடுகளை இறுக மூடியபடி சிரித்தாள். அம்மாவின் வலது கையைப் பிடித்து, பிளாஸ்திரியைப் பொறுமையாகப் பிரித்துக் கீழே போட்டாள். ஆசையாக அந்த விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

இழுத்தாள். வரவில்லை. மைக்கில் தலைவர், அடுத்தது பெற்றோர்கள் இறங்கலாம் என்றார். கைதட்டல். அவள் விரல் அந்த வாய்க்குள் மேலும் கீழும் தேடியது. முயல் பற்களைத் தேடியது. வழவழவென்று இருந்தது. ஒரு பல்கூடத் தட்டுப்படவில்லை.