மூன்றாவது வளைவில் மாறாத கியர்

வீ...ல்ல்ல்ல்!

அலறியது மனிதன் இல்லை. கார்!

திங்கட்கிழமை காலை பத்து மணி. கல்மலைத் தோட்டத்திலிருந்து கரங்கானுக்குப் போகும் மேட்டு ரோடு. மூன்றாவது வளைவு. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் காடு. சரியாக அந்த இடத்தில் வந்து எஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது... சக்கரம் மட்டும் சுற்ற மறுக்கிறது!

"என்னய்யா ஜூலியஸ்... ஏன் நிக்குது?"

பின்சீட்டிலிருந்து கேட்டவர் பெரிய கிராணி நடராஜா. தோட்டத்து ஆபீஸே அவர் பேனாவில்தான் ஓடியது.

"தெரியல கிராணி ஐயா! மிதிக்க மிதிக்கக் கத்துது... கியரு ஏற மாட்டேங்குது!"

டிரைவர் ஜூலியஸுக்கு வியர்த்துக் கொட்டியது. கார் மெல்லப் பின்னால் உருள ஆரம்பிக்க, பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தான்.

அவனுக்குப் பக்கத்து சீட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பழனியாண்டி. தோட்டக் காவலுக்கு வந்தவன். துப்பாக்கியோடு கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

"காட்டுக்காரனுங்க! ஜூலியஸ், ஓடு! கால்வாய்ல படு!"

அந்த அவசரகாலத்தில் காட்டுக்காரன் என்றால் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட். அந்த வார்த்தை காதில் விழுந்தால் கால் யாரையும் கேட்காது, தானாக ஓடும். ஜூலியஸ் கால்வாயில் குப்புற விழுந்து சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

டுமீல்!... டுமீல்!...

ஆறு... ஏழு... எட்டு...

சத்தம் அடங்கிய பிறகுதான் தலையைத் தூக்கினான்.

நடராஜா பின்சீட்டில் உட்கார்ந்துதான் இருந்தார். கண்ணும் திறந்துதான் இருந்தது. வெள்ளைச் சட்டை மட்டும் நெஞ்சுப் பக்கம் வேகமாகச் சிவந்துகொண்டிருந்தது.

"ஐயா...!"

ஜூலியஸ் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் சிதறி ஓடின.

*

கூலிமிலிருந்து சுங்கைப் பட்டாணி வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஆட்டோமேட்டிக் காரா? மூசா நானாகிட்ட கொண்டு போ" என்பார்கள்.

இத்தனைக்கும் அந்த வட்டாரத்தில் இருந்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்றே ஒன்றுதான்!

வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது கல்மலைத் தோட்டத்து ஆபீசுக்கு விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார். அதன் பெட்ரோல் எஞ்சின் படுத்துவிட்டது. மூசா ஒரு லாரியின் டீசல் எஞ்சினைத் தூக்கி அதற்குள் வைத்தார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். வண்டி முதல்முறை கிளம்பிய நாளில் ஜனம் வேலிக்கு வெளியே நின்று கைதட்டியது. அன்று நிமிர்ந்த மூசாவின் நெஞ்சு அப்புறம் இறங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த மூசாவைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள்.

முற்றத்தில் அதே கார். பக்கத்தில் டிடெக்டிவ் சார்ஜன் மோரிஸ். ஒல்லியான ஆள், உதட்டில் சிகரெட், பேச்சில் கிண்டல்.

"நானா, நல்லாக் கேட்டுக்குங்க. கியரு ஏறல, காடி தானா நின்னுச்சுன்னு லோக்காப்புல ஒக்காந்துக்கிட்டு ஜூலியஸ் சொல்றான். பழனியாண்டி வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கான். இந்தக் காடி ஒருநாளும் அங்க நின்னதே இல்லையாம். ஜூலியஸ்தான் வேணும்னே நிறுத்தினானாம். காட்டுக்காரனுங்களோட கூட்டாம்."

"நான் என்ன சார்ஜன் பண்ணணும்?"

"காடிக்குக் கோளாறு இருக்கா, இல்லையா? இருந்தா ஜூலியஸ் வீட்டுக்குப் போவான். இல்லேன்னா தூக்குக்குப் போவான். இந்தக் காலத்துல ரெண்டுக்கும் நடுவுல வேற ஒன்னும் இல்ல லா."

மூசா கைலியை மடித்துக் கட்டினார்.

முதலில் பெடலிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கம்பி. அதன் நீளம் பிசகினால் கியர் மாறும் நேரமும் பிசகும். பிசகவில்லை. பிறகு கியர்பெட்டி எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சி. எஞ்சின் அணைந்து கிடந்தது. குச்சியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவினார். எண்ணெய் கோட்டைத் தொட்டு நின்றது. முகர்ந்து பார்த்தார். கருகல் வாடை இல்லை. முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினார். சமதரையில் கார் சமர்த்தாக ஓடியது.

"என்ன நானா?"

மூசாவின் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிப் பார்த்தேன், அதே மேட்டில் நின்றுவிட்டது... அதுதான் வாக்கியம்.

ஆமாம்! சனிக்கிழமை சர்வீஸ் செய்தார். ஞாயிற்றுக்கிழமை, ஜூலியஸ் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வெள்ளோட்டம் விட்டார். மூன்றாவது வளைவில் இதே அலறல், இதே பிடிவாதம். அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் வண்டி அசைந்தது. காரணம் அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். திங்கட்கிழமை காலை, "எல்லாம் சரி" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இப்போது முற்றத்தில் நாலு போலீஸ்காரர்கள் பார்க்கிறார்கள். வேலியோரம் பத்துப் பேர் பார்க்கிறார்கள்.

"கோளாறு ஒன்னும் இல்ல சார்ஜன்."

சொல்லிவிட்டார்!

மோரிஸ் எழுதிக்கொண்டார். மூசா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி ஜைனப் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அதுவும் பொய்.

*

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் போக மூசா ஒர்க்‌ஷாப் கதவைப் பாதி இழுத்திருந்தார்.

"மூசா நானா!"

அகத்தா. ஜூலியஸின் மனைவி. தோட்டத்து மருந்துக்கொட்டகையில் தாதி. கான்வென்ட்டில் படித்தவள். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"காடி நல்லாருக்குன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா... பாத்ததைத்தான் சொன்னேன்."

"எம்புருஷன் குடிப்பான், கோவப்படுவான். பொய் சொல்ல மாட்டான். கியரு ஏறலன்னா ஏறலதான். புத்தகத்துல பாத்தீங்களா?"

மேசை மேல் எண்ணெய்க் கறையோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். காரோடு வந்தது. யார் வந்தாலும் மூசா அதை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"எல்லாம் பாத்தாச்சும்மா."

"எந்தப் பக்கம் நானா?"

மூசா பக்கங்களைப் புரட்டினார். ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தா... இந்தப் பக்கம்தான்."

அகத்தா குனிந்து படித்தாள். நிமிர்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"நானா... இது ரேடியோ மாட்டற பக்கம்."

மூசா விரலை எடுத்துக்கொண்டார்.

மூசா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். காது மடல் எரிந்தது. முப்பது வருஷம் லாரி பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரிப்பார். ஆனால் இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. அது அல்லாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரமாக இருந்தது. இன்று மூன்றாவதாக ஒருத்திக்கும் தெரிந்துவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா." குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நீ படி."

அகத்தா திட்டவில்லை. வேகமாகப் பக்கம் புரட்டினாள். கியர்பெட்டி எண்ணெய் என்ற இடத்தில் நின்றாள்.

"காடிய சமதரையில நிறுத்தணும். எண்ணெய் சூடாகற மட்டும் ஓட்டிட்டு வரணும். கியரு கைப்பிடி நியூட்ரல்ல இருக்கணும். எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் குச்சிய எடுத்துப் பாக்கணும்."

மூசா விருட்டென்று எழுந்தார்.

"ஓடும்போதா?!"

"ஓடும்போதுதான். நிறுத்திட்டுப் பாத்தா எண்ணெய் கோட்டுக்கு மேல காட்டுமாம். அதிகமா இருக்குன்னு நெனச்சு எறக்கிடாதீங்கன்னு போட்டிருக்கு... பெரிய எழுத்துல."

லாரி எஞ்சினுக்கு எண்ணெய் எப்படிப் பார்ப்பார்கள்? எஞ்சினை அணை, கொஞ்சம் பொறு, குச்சியை எடு. முப்பது வருஷப் பழக்கம். சனிக்கிழமையும் அப்படித்தான் பார்த்தார். எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது.

"எறக்கிட்டேன்மா..." மூசா இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டு பால் டின்னு... நான்தான் எறக்கினேன். எண்ணெய் கம்மியா இருந்தா மேட்டுல எல்லாம் பின்னால போயிரும். பம்பு காத்தைத்தான் இழுக்கும். எஞ்சின் கத்தும்... காடி நகராது."

"அப்ப எம்புருஷன் சொன்னது...?"

"நெசம்."

பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது. மூசா போகவில்லை. இந்த முகத்தோடு எந்த வரிசையில் போய் நிற்பது?

*

போலீஸ் நிலையத்து முற்றம். அகத்தாவும் புத்தகத்தோடு கூட வந்திருந்தாள். மோரிஸிடம் அனுமதி கேட்டு, காரை டவுனுக்குள் நாலு சுற்றுச் சுற்றிச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார் மூசா. எஞ்சினை அணைக்கவில்லை. குச்சியை உருவினார்.

நுனியில் மட்டும் ஈரம். கோட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி!

மோரிஸ் சிகரெட்டை எறிந்தார்.

"உள்ள வாங்க நானா. நீயும் வாம்மா."

உள்ளே கதவோரம் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தான், தோளில் துப்பாக்கி. வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்துப் போட வந்தவன். மூசா எல்லார் முன்னாலும் சொன்னார். இங்கிலீஷ் தெரியாது என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

"பொய் ரிப்போட்டு குடுத்தீங்க நானா. அதுக்கே உங்கள உள்ள வைக்கலாம்."

"வைங்க சார்ஜன். ஜூலியஸ விட்டுருங்க. ஞாயித்துக்கிழமையும் அதே வளைவுல அரைமணி நேரம் நின்னுச்சு. நான் மறைச்சுட்டேன்."

மோரிஸின் பேனா நின்றது.

"அதே வளைவுலயா? நீங்க சொல்றதுக்கு என்ன சாட்சி? தனியாப் போனீங்களா?"

"தனியா யாரு விடுவா? அந்த ரோட்டுக்குக் காவலுக்கு எஸ்கோட் இல்லாம கேட்டே தெறக்க மாட்டாங்களே. கூட ஒருத்தர் வந்தாரு. வெளிய சொல்லிடாதீங்க, என் பேரு போயிரும்னு அவரு கையப் புடிச்சுக் கெஞ்சினேன்."

"யாரு?"

மூசா நிமிர்ந்து கையை நீட்டினார்... கதவோரம்!

பழனியாண்டியின் முகம் வெளிறியது.

மோரிஸ் மெதுவாக ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"'இந்தக் காடி ஒருநாளும் அங்க நின்னதே இல்ல.' ஒப்பம், பழனியாண்டி. ஏன் தம்பி, அரைமணி நேரம் அந்த மேட்டுல உக்காந்திருந்தியே, மறந்துருச்சா?"

"சார்ஜன்... அது வந்து..."

"காவல் கொட்டகைத் தோட்டா காட்டுக்காரனுங்களுக்குப் போவுது, யாரு வேலைன்னு நேர்ல வந்து சொல்றேன்னு கிராணி ஐயா எனக்குப் போன் பண்ணாரு. அதுக்குத்தான் திங்கக்கிழம கெளம்பினாரு. அவரு போன் பேசறப்ப ஆபீஸ் வாசல்ல காவல் நின்னு கேட்டது நீதானே? அந்த மேட்டுல காடி நிக்கும்னு தெரிஞ்சவங்க ஒலகத்துலயே ரெண்டு பேருதான். ஒருத்தர் வெக்கப்பட்டாரு. இன்னொருத்தன் சுட்டான்! ஜூலியஸ் சேத்துல மூஞ்சிய வச்சதும் மொத குண்டு கிராணிக்கு... மிச்ச ஏழும் மரத்துக்கு!"

படக்!

துப்பாக்கி மோரிஸின் நெற்றிக்கு நேராக நின்றது. அகத்தா வீறிட்டாள். பழனியாண்டியின் விரல் விசையை இழுத்தது!

க்ளிக்.

வெறும் க்ளிக்.

"நிலையத்துக்குள்ள வர்றவன் வாசல்லயே தோட்டாவைக் கழட்டிக் குடுத்துட்டுத்தான் வரணும்," என்றார் மோரிஸ், நாற்காலியிலிருந்து எழாமலே. "இப்பத்தான் குடுத்துட்டு வந்த. பதட்டத்துல அதுவும் மறந்துருச்சு போல."

நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள்.

*

ஜூலியஸ் லோக்காப்பிலிருந்து வெளியே வந்தான். நாலு நாள் தாடி. அகத்தா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள்.

மூசா பத்தடி தள்ளி நின்றார். பக்கத்தில் போகக் கால் வரவில்லை.

"ஜூலியஸ்... மன்னிச்சுருப்பா. வெளிய தெரிஞ்சா கேவலம்னு நெனச்சேன்."

ஜூலியஸ் அவர் பக்கம் திரும்பினான்.

"எனக்கு நாலு ராத்திரி தூக்கம் போச்சு நானா. உங்களுக்குப் பேரு போச்சு. ரெண்டும் திரும்பி வந்துரும். ஞாயித்துக்கிழமையே நீங்க வாயத் தொறந்திருந்தா திங்கக்கிழம அந்தக் காடி வெளியவே வந்திருக்காது. கிராணி ஐயா இந்நேரம் ஆபீஸ்ல உக்காந்து என்னையத் திட்டிக்கிட்டு இருப்பாரு."

சுட்டவன் உள்ளே இருக்கிறான். சுடுவதற்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் வெளியே நிற்கிறார். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

மோரிஸ் தொண்டையைக் கனைத்தார். மனுஷன் ரொம்ப நேரம் சும்மா இருக்கத் தெரியாதவர்.

"சரி, சரி... வாங்க நானா. பொய் ரிப்போட்டை அப்புறம் பாத்துக்கலாம். என் ஜீப்ல ஏறுங்க, வீட்டுல எறக்கி விட்டுர்றேன்."

மூசா ஜீப்பைப் பார்த்தார்.

"இதைக் கடைசியா யாரு சார்ஜன் சர்வீஸ் பண்ணது?"

"நீங்கதான். போன வாரம்."

மூசா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் நடந்தே போறேன் சார்ஜன்... உசுரு மேல ஆசை இருந்தா நீங்களும் கூட வாங்க!"