ஏழு படிச் சந்தில் இரண்டு கழுதைகள்

பதூலின் தம்பி பிறந்து ஏழு நாள் ஆகிவிட்டது. இன்னும் அவனுக்குப் பெயர் இல்லை. ஃபெஸ் நகரத்தில் ஏழாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதுவரை பதூல் அவனைக் 'கொண்டைக்கடலை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்றைக்குத்தான் அந்த ஏழாம் நாள். இமாமையும் விருந்தாளிகளையும் கையோடு அழைத்துவர அப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அம்மா தம்பியோடு மாடியில் இருந்தார். முற்றம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள். சமையலறையில் கென்ஸா அத்தையின் ராஜ்ஜியம். அத்தை முறைத்தால் அடுப்புகூடப் புகைவதை நிறுத்திவிடும்.

"பதூல்! வாசல்ல போய் நில்லு. இமாம் தலை தெரிஞ்சதும் ஓடி வந்து சொல்லு. பகல் பாங்குக்கு அவரு பள்ளிவாசலுக்குத் திரும்பிடணும். தொழுகை முடிஞ்சா வெளியூருக்குக் கிளம்புறாரு. அதுக்குள்ள பேர் வெச்சாகணும்."

"வெக்கலைன்னா?"

"வெக்கலைன்னா உன் தம்பி பெரியவனாகி, தாடி வெச்சு, கல்யாணம் பண்ணும்போதும் கொண்டைக்கடலைதான். போடி!"

பதூல் வாசலுக்கு ஓடினாள். வாசலில் எப்போதும் மூடியே இருக்கும் ஒரு பெரிய கதவு; அதற்குள் இருந்த சின்னக் கதவு வழியாகத்தான் எல்லாரும் போய்வருவார்கள். அந்த வீட்டு நடை நேராக முற்றத்துக்குப் போகாது. வாசல் கதவிலிருந்து பத்தடி உள்ளே போகும். பிறகு சதுரமாகக் கொஞ்சம் அகலும். அங்கே இடப்பக்கம் திரும்பினால்தான் முற்றம். வாசலில் நிற்கிற ஆள் எவ்வளவு கழுத்தை நீட்டினாலும் சுவர்தான் தெரியும்.

அந்தத் திருப்பத்து மூலை ஒரு வேடிக்கையான மூலை. தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் வரை அதன் கூர்மையைச் சீவி வழவழப்பாக்கி இருந்தார்கள். அதற்கு மேலே மறுபடியும் கூர்மை. கொத்தனாருக்குப் பாதியில் தூக்கம் வந்துவிட்டது என்பது அத்தையின் கருத்து. பதூலுக்கோ அது முதுகு சொறிந்துகொள்ள வசதியான மூலை. இன்றும் போகிற போக்கில் ஒருமுறை சொறிந்துகொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கதவை ஒட்டி ஒரு கழுதை நின்றது. அதன் முதுகில் இரண்டு பக்கமும் ஈரமான ஆட்டுத் தோல்கள் மலைபோலக் குவிந்திருந்தன. பக்கத்தில் அதன் சொந்தக்காரர் ஜிலாலி. ஆற்றோரத்தில் தோல் ஊறப் போடும் தொட்டிகளுக்குத் தினமும் சுமை கொண்டுபோகிறவர். அவர் வருவது சந்துக்காரர்களின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு எதிரே, கீழே இருந்து ஏறி வந்த இன்னொரு கழுதை. அதன் முதுகில் வாடகைக்கு எடுத்த செம்பு அண்டாக்களும் வட்ட மேசைகளும். அதை ஓட்டி வந்தவர் துஹாமி. அவருக்குப் பின்னால் அப்பா, இமாம், வெள்ளை அங்கி போட்ட பதினைந்து விருந்தாளிகள். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம், அவ்வளவு குறுகலான சந்து. இரண்டு சுமைக் கழுதைகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றால், ஒரு பூனைகூட நடுவில் போக முடியாது.

"ஜிலாலி, கழுதையைப் பின்னால தள்ளு" என்றார் துஹாமி.

"முடியாது."

"என்னது?"

"முடியாதுன்னேன். மூக்கோட சேர்த்துக் காதையும் பொத்திக்கிட்டியா?"

"நான் விருந்துக்கு அண்டா கொண்டுபோறேன்யா. நீ நாத்தத்தைக் கொண்டுபோற. யாரு பின்னால போகணும்னு கழுதைக்கே தெரியும்."

"அப்ப உன் கழுதையைக் கேளு."

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் சந்தித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. கழுதைகள் இரண்டும் மட்டும் சண்டை போடாமல் ஒன்றின் காதை ஒன்று முகர்ந்துகொண்டிருந்தன.

அப்பா பின்னால் இருந்து தன்மையாகக் கேட்டார். "ஜிலாலி அண்ணே, வீட்டுல விசேஷம். கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

ஜிலாலி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை.

"சுமையை இறக்கி வெச்சா என்ன?" என்றார் ஒரு விருந்தாளி. ஈரத் தோலை எங்கே இறக்குவது? விருந்து வீட்டு வாசலிலா? அப்பாவின் முகம் வெளுத்தது. சரி, விருந்தாளிகளைத் திரும்பி நடக்கச் சொல்லலாமா? பெயர் வைக்க வந்தவர்களைத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இமாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுதேப்பா" என்றார்.

பாவம் கொண்டைக்கடலை.

அப்போதுதான் அவள் தோல் கழுதையின் பின்னங்காலைப் பார்த்தாள். அதில் துணி சுற்றியிருந்தது.

"மாமா, இதுக்குக் கால்ல என்ன?"

ஜிலாலி அவளைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி தனக்குத்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"இவ பேரு ஸர்கா. நேத்து இதோ, பின்னால இருக்கே ஏழு படி, அதுல பின்பக்கமா ஏத்தினேன். கால் மடங்கிடுச்சு."

"ஏன் ஏத்துனீங்க?"

"எதிர்ல புதினாக் கழுதை வந்துச்சு. முந்தாநாள் செங்கல் கழுதை. அதுக்கு முந்துன நாள் ஒரு கழுதை வந்துச்சு பாரு, முதுகுல ஒரு துரும்புகூட இல்ல. சும்மா வீட்டுக்குப் போற கழுதை. அதுக்கும் நாங்கதான் பின்னால போனோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பழகிப்போச்சு பாப்பா. ஆனா இன்னிக்கும் ஏத்துனா இவ கால் போயிடும். அதான் நிக்கிறேன். உங்க விருந்தைக் கெடுக்கணும்னு இல்ல."

பதூல் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெறும் முதுகுக் கழுதையை நினைத்தால் கோபமும் வந்தது.

ஸர்கா முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போகக் கூடாது. அப்படியென்றால் பக்கவாட்டில்தான் போக வேண்டும். பக்கவாட்டில் என்ன இருக்கிறது? சுவர் இருக்கிறது. சுவரில் அவர்கள் வீட்டுக் கதவு இருக்கிறது.

பதூல் சந்தின் கீழ்த் திருப்பத்தை எட்டிப் பார்த்தாள். துஹாமியின் கழுதை சற்று முன்பு கடந்து வந்த மூலை அது. அந்த மூலையும் கீழே சீவியிருந்தது, மேலே கூர்மையாக இருந்தது. சீவல் எவ்வளவு உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில்தான் அண்டாச் சுமையும் முடிந்தது.

"அட!" என்றாள் பதூல்.

கொத்தனார் தூங்கவே இல்லை. சுமையோடு கழுதை திரும்பும்போது இடிக்கக் கூடாது என்றுதான் மூலையைச் சீவியிருக்கிறார். சந்தில் அப்படியென்றால், வீட்டுக்குள்ளும் அதற்குத்தானே?

அவள் உள்ளே பாய்ந்தாள். திருப்பத்தில் அத்தை கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். மூக்கின்மேல் முக்காடு ஏறியிருந்தது.

"என்னடி இது, வீடே கவுச்சி அடிக்குது!"

"அத்தை, பெரிய கதவைத் திறக்கணும். ஒரு கழுதை உள்ள வரப்போகுது."

"அண்டாக் கழுதையா?"

"இல்ல. தோல் கழுதை."

அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "உனக்கென்ன வெயில் தலைக்கு ஏறிடுச்சா? பேர் வைக்கிற வீட்டுக்குள்ள தோல் நாத்தமா?"

"நாத்தம் அப்பவே உள்ள வந்துடுச்சு அத்தை. கழுதை மட்டும்தான் வெளிய நிக்குது. அது உள்ள வந்து திரும்பிப் போனாத்தான் நாத்தமும் கூடவே போகும். இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் ரெண்டும் வாசல்லயேதான்."

அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் நாற்றம் புகுந்தது. மூடிக்கொண்டார்.

"கழுதைக்கு இங்க திரும்ப இடம் இருக்கா?" என்று முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

பதூல் சீவிய மூலையைத் தட்டிக் காட்டினாள். அத்தை மூலையைப் பார்த்தார், பதூலைப் பார்த்தார், மறுபடி மூலையைப் பார்த்தார்.

"பெரிய கதவு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் திறக்கும்."

"விருந்தாளிக்கும் திறக்கலாம்ல?"

அத்தை பெருமூச்சு விட்டார். "தாழ்ப்பாள் துரு பிடிச்சிருக்கும். கரண்டியால தட்டு." கரண்டியை நீட்டிவிட்டு, வெளி ஆண் வரப்போகிறாரே என்று முற்றத்துப் பக்கம் போய் மறைந்துகொண்டார்.

இரண்டு தட்டு தட்டியதும் தாழ்ப்பாள் இறங்கியது. பெரிய கதவு முனகிக்கொண்டே திறந்தது. சந்தில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பதூல் வாசலின் நடுவில் நின்று, விருந்தாளிகளிடம் சொல்லச் சொல்லி அம்மா கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். "மர்ஹபா, ஜிலாலி மாமா. எங்க வீட்டுக்கு வாங்க."

ஜிலாலி தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"என்னையா?"

"உங்களையும் ஸர்காவையும்."

"வேணாம் பாப்பா. உள்ள போனா பின்பக்கமாத்தானே வெளிய வரணும்? அதுக்கு நான் படியே ஏறிடுவேன்."

"உள்ள திரும்ப இடம் இருக்கு மாமா. மூலையைச் சீவித்தான் வெச்சிருக்காங்க. வந்து பாருங்களேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். "மர்ஹபா அண்ணே. பொண்ணு கூப்பிட்டா நான் கூப்பிட்ட மாதிரி."

ஸர்கா யோசிக்கவே இல்லை. வாசல்படியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, நொண்டி நொண்டி உள்ளே நடந்தது. ஜிலாலி தோள்களைக் குறுக்கிக்கொண்டு பின்னால் போனார். சுவரில் தன் அங்கி உரசிவிடக் கூடாதே என்று கைகளை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

சதுரத்துக்குப் போனதும் கழுதை இடப்பக்கம் வளைந்தது. தோல் மூட்டை சீவிய மூலையை வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, வாசலைப் பார்த்து நின்றது. பதூல் கை தட்டினாள்.

வெளியே துஹாமியின் கழுதை மணி குலுங்க முன்னால் போனது. அதன் பின்னால் விருந்தாளிகள். ஸர்கா வெளியே வர இடம் வேண்டுமே! அதனால் அவர்கள் எல்லாரும் வாசலைத் தாண்டிப் போய், ஏழு படிகளிலும் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க நிற்பதுபோல இருந்தது. மேல்படியில் இமாம்.

"கிளம்புறேன் பாப்பா" என்றார் ஜிலாலி.

"எங்க கிளம்புறது?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதட்டியது. கென்ஸா அத்தை! ஆள் தெரியவில்லை. மூலைக்கு இந்தப் பக்கம் வளையல் போட்ட ஒரு கை மட்டும் நீண்டது. அதில் ஒரு தட்டு, தட்டில் பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் பாலும். "இந்த வீட்டுக்குள்ள வந்துட்டு வெறும் வாயோட யாரும் போனதில்ல. குடிங்க."

"என் கை சுத்தமில்லீங்களே அம்மா."

கை உள்ளே போனது. ஒரு செம்பு தண்ணீரோடு திரும்பி வந்தது. "இப்ப சுத்தமாயிடும். சீக்கிரம். எனக்கு மூச்சு முட்டுது."

ஜிலாலி சிரித்துவிட்டார். கை கழுவினார். பாலைக் குடித்தார். ஒரு பழத்தைத் தின்றார், இன்னொன்றை ஸர்காவுக்குக் கொடுத்தார். கிண்ணத்தைப் பதூலிடம் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"இருபது வருசமா இந்தச் சந்துல நடக்கிறேன். ஒரு வீட்டு வாசப்படியும் மிதிச்சதில்ல" என்றார்.

பதூல் ஸர்காவின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

ஸர்கா வெளியே வந்து சந்தில் கீழ்நோக்கி நடந்தது. பத்து அடிதான் போயிருக்கும். கீழ்த் திருப்பத்திலிருந்து ஒரு புதுக் கழுதை வந்தது. முதுகில் கம்பளச் சுருள்கள். ஓட்டி வந்தவர் ஒரு முரட்டு மீசைக்காரர்.

"ஏ நாத்தம்! பின்னால போ, பின்னால போ! கம்பளத்துல பட்டுடப் போகுது!"

பழக்கம் ஜிலாலியை விடவில்லை. கை தானாகவே ஸர்காவின் கயிற்றைப் பின்பக்கம் இழுத்தது. பதூலுக்கு அழுகை வந்தது. இவ்வளவு செய்தும் கடைசியில் இதுதானா?

"யோவ் மீசை!"

கத்தியது துஹாமி. படிகளுக்கு மேலே நின்று, அண்டாக்கள் கிடுகிடுக்கக் கத்தினார். "நீ பின்னால போய்யா! அவரு இந்த வீட்டு விருந்தாளி. இப்பத்தான் பால் குடிச்சிட்டு வர்றாரு!"

மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஏழு படிகளிலிருந்து பதினைந்து வெள்ளை அங்கிகளும் ஒரு இமாமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளக் கழுதை டக், டக் என்று பின்னால் நடக்கத் தொடங்கியது.

ஜிலாலி அசையாமல் நின்றார். எதிரே வருகிறவர் பின்னால் போனால் தான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நடங்க மாமா" என்றாள் பதூல். "வழி உங்களுக்குத்தான்."

பகல் பாங்குக்கு முன்னாலேயே கொண்டைக்கடலைக்கு யாசீர் என்று பெயர் வைத்தாயிற்று. ஆனால் அது பிறகு நடந்தது. முதலில் ஜிலாலி போனார். சந்தின் நடுவில், நேராக, தலை நிமிர்ந்து போனார். அன்று அவரைப் பார்த்து யாருமே மூக்கைப் பொத்தவில்லை என்று சொன்னால் அது பொய். எல்லாரும் பொத்தினார்கள். ஆனால் ஒதுங்கி நின்று, வழிவிட்டுப் பொத்தினார்கள்.