வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

அனுராதா அன்று காலையும் வாந்தி எடுத்தாள். புறவாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறும் மஞ்சள் நீராக.

நெற்றியைத் தாங்கிப் பிடிக்க மூத்த மருமகள் சந்தனமாரி ஓடினாள். மாமியார் வடிவம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத! அவளத் தொடாதங்கேன்!"

"என்னத்தே சொல்லுதிய...?"

"நடிக்காதட்டி. கக்கூசுல பாத்துட்டுத்தான் வாரேன். தாரு மாதிரி கருப்பாப் போயிருக்கா! ஒனக்கு இத்தன வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. சின்னவ வந்த வருசமே மாசமாயிட்டா. பொறுக்கல, என்ன? சோத்துல மருந்து வச்சிட்டியே, சவத்து மூதி!"

இடுமருந்து. சோற்றில் கலந்து கொடுத்து ஆளை உள்ளுக்குள் உருக்கிவிடுவது. தெருவில் அதை நம்பாதவர்கள் இல்லை. கண்ணால் கண்டவர்களும் இல்லை. வாந்தியும் கறுத்த மலமும்தான் அதற்கு அடையாளம் என்று சொல்வார்கள்.

சந்தனமாரிக்கு உண்மை தெரியும். அனுராதாவின் உதடு வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து, கோயிலுக்கு என்று பொய் சொல்லி, துணைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனவளே அவள்தான். ரத்தம் குறைவு என்று நர்ஸ் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், கொஞ்சம் குமட்டும், கருப்பாகப் போகும், அதற்குப் பயப்படாதே என்றும் சொல்லி அனுப்பினாள்.

ஆனால் அந்த வீட்டில் மாத்திரை என்ற பேச்சே ஆகாது. வடிவம்மாளின் மகள் கர்ப்பத்தில் சத்து மாத்திரை சாப்பிட்டாள். பிரசவம் ஆபரேஷனில் முடிந்தது, குழந்தை தங்கவில்லை. மாத்திரையால் பிள்ளை பெருத்துவிட்டது என்று வடிவம்மாள் முடிவு கட்டிவிட்டாள். அதனால் அனுராதா திருட்டுத்தனமாகத்தான் விழுங்கினாள். மாமியார் விடியலில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நேரம் ஒன்றுதான் தோது. வெறும் வயிறு. குமட்டாமல் என்ன செய்யும்?

அது மட்டுமென்றால் சந்தனமாரி அப்போதே சொல்லியிருப்பாள். முதல் மாத்திரை விழுங்கிய அன்று அனுராதா அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு பிள்ள மேல சத்தியம் பண்ணுங்கக்கா" என்று அழுதிருந்தாள். சந்தனமாரியும் செய்துகொடுத்திருந்தாள்.

இப்போது அனுராதாவைப் பார்த்தாள். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மகேஸ்வரன் வந்தான். சந்தனமாரியின் புருஷன். அம்மா சொன்னதையெல்லாம் நின்று கேட்டான். பிறகு பெண்டாட்டியிடம் கேட்டான்.

"நீ செஞ்சியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு கை அரிசியைக் குக்கரில் போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டான். அவள் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா, பேச்சு வரல!" என்றாள் வடிவம்மாள். "ஏலே சங்கரு, நீ போயி மருந்து எடுக்கவரக் கூட்டிட்டு வா. ஓடு!"

சின்னவன் கோமதிசங்கர், அனுராதாவின் புருஷன், சைக்கிளை எடுத்தான். இடுமருந்தை வாந்தியாக வெளியே எடுப்பதுதான் அந்த மருந்து எடுப்பவரின் தொழில்; வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். பையில் கொண்டுவந்த இலைகளை அம்மியில் அரைக்கச் சொல்லி, சாறு பிழிந்து, டம்ளரில் ஊற்றினார். பச்சை நிறம். வாடை கூடத்தில் நின்றவர்களைக் கண் கலங்க வைத்தது.

"குடிச்சா கொடலே கழண்டு வார மாதிரிதான் இருக்கும். வச்சது வெளிய வந்துரும்."

"மாசமா இருக்கவளுக்குக் குடுக்கலாமா?" என்றாள் சந்தனமாரி.

"வச்சவளே கேக்கா பாருங்க!" வடிவம்மாள் டம்ளரை எடுத்து அனுராதாவின் வாயருகே கொண்டுபோனாள். "குடி தாயி. கண்ண மூடிக்கிட்டு முழுங்கிரு."

அப்போதும் அனுராதா உண்மையைச் சொல்லவில்லை. மாமியாருக்குப் பயம், புருஷனுக்குப் பயம். டம்ளரின் விளிம்பு உதட்டைத் தொட்டது.

சந்தனமாரி பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். கொட்டினால் மறுபடி பிழிவார்கள். ஒரே மூச்சில் அவளே குடித்துவிட்டாள்.

"ஏட்டி! என்ன செஞ்ச!"

சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுந்தாள். காலையில் குடித்த காப்பி வந்தது, பித்தம் வந்தது, அதன் பிறகும் நிற்கவில்லை. கடைசியில் எச்சிலில் ரத்தம் இழையோடியது. மருந்து எடுப்பவர் பையைச் சுருட்டிக்கொண்டு வாசல் வழியே நழுவினார்.

"அய்யோ அக்கா...!" அனுராதா அலறிக்கொண்டு அவள் மேல் விழுந்தாள். "அவுக ஒண்ணும் வைக்கல அத்தை! நான்தான்... நான்தான் ஒங்களுக்குத் தெரியாம நர்சம்மா குடுத்த சத்து மாத்திரையத் தின்னேன். கருப்பாப் போவும்னு நர்சம்மா அன்னைக்கே சொன்னாவ. சாப்ட்டுட்டுப் போடச் சொன்னாவ. ஒங்களுக்குப் பயந்து வெறும் வயித்துல போட்டேன்... என்னை அடிங்க அத்தை, அக்காவ ஒண்ணும் சொல்லாதிய!"

வடிவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோமதிசங்கர் மதினிக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினான்.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, பாவி மவளே?" என்று சந்தனமாரியைக் கேட்டாள் வடிவம்மாள்.

"அவ வயித்துல கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன் அத்தை..." சந்தனமாரிக்கு மூச்சு வாங்கியது. "பிள்ள இல்லாதவ அத மீறி, அதுக்கு எதாவது ஆயிட்டுன்னா... நீங்க சொன்னது நெசமாயிரும்லா?"

வடிவம்மாள் வாந்தியென்றும் பார்க்காமல் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "என் பேத்திய உசுரில்லாத வெறும் ஒடம்பாத்தான் கையில வாங்குனேன், தாயி. எது மேலயாவது பழிய போடணும்னு மாத்திர மேல போட்டேன். இன்னைக்கு ஒன் மேல போட்டுட்டேன்..." மூன்று பெண்களும் அழுதார்கள். மகேஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து அனுராதா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோர் கண் முன்னும் மாத்திரை போட்டாள். வாந்தி குறைந்தது.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சந்தனமாரி ராதாபுரத்துக்கு, தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வடிவம்மாள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஒங்க மேல கோவம் இல்ல அத்தை" என்றாள். அது உண்மைதான்.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுவரை மகேஸ்வரன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். திருநெல்வேலி பஸ் நின்றது.

"நான் ஒன்னைச் சந்தேகப்படல மாரி. கேக்கத்தானே செஞ்சேன்."

"ஆமா. கேட்டிய."

"அம்மாட்ட கோவிக்காம, எங்கிட்ட மட்டும்..."

"அவுக பேத்திய எழந்தவுக. நீங்க எத எழந்திய?"

அவள் பையை வாங்கிக்கொண்டு ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் அடித்தான்.

"எப்ப வருவ?" அவன் சன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "ஆள் அனுப்பட்டுமா?"

"ஆள் அனுப்புனா வரமாட்டேன். நீங்க வாங்க. வந்து எங்கம்மா முன்னால, 'நீ செஞ்சியா'ன்னு அன்னைக்குக் கேட்டத இன்னொரு தடவ கேளுங்க. பதில் சொல்லிட்டு, கூட வாரேன்."

பஸ் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.