முப்பது நொடிக்கு ஒரு படம்

இயற்கைக்கு ரசனை கிடையாது. இது ரப்பரின் தீர்மானமான கருத்து. பதினோரு வருடம் போட்டோக்களைத் திருத்திய அனுபவத்துக்குப் பிறகு வந்தது, ஆகவே மேல்முறையீட்டுக்கு இடமில்லை. மலையைக் கோணலாக வைக்கும், மேகத்தை வேண்டாத இடத்தில் கொண்டுவந்து குவிக்கும், அழகான ஏரி ஒன்று அமைந்துவிட்டால் அதன் நடுவில் ஒரு செத்த கிளையை நட்டுவிட்டுப் போய்விடும். அதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தார்கள். தன்னால் அழிக்க முடியாத பொருள் இந்த உலகத்தில் இல்லை என்று அவன் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. குடும்பப் படங்களில் சண்டை போட்டுப் பிரிந்த சித்தப்பாக்களை அழித்திருக்கிறான். சமாதானமான பிறகு அதே சித்தப்பாக்களைத் திரும்ப ஒட்டியும் இருக்கிறான், தொப்பையைக் கொஞ்சம் குறைத்து. ரப்பர் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

ஆகவே, முதல் பரிசு வாங்கிய ஏரிப் படத்தின் இடது ஓரத்துத் தண்ணீரில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தபோது அவன் முதலில் திரையைத்தான் துடைத்தான்.

புள்ளி போகவில்லை.

நிறங்கள் கண்ணை ஏமாற்றக்கூடாது என்பதற்காகச் சுவர்களுக்குச் சாம்பல் பூசி, ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போட்டு, பகலா இரவா என்று தெரியாதபடி அவன் வைத்திருந்த அந்த அறையில், கம்ப்யூட்டரின் மின்விசிறி எப்போதும்போல முனகிக்கொண்டிருந்தது. அதன் சூட்டு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, சேறும் அழுகிய இலையும் கலந்த ஒன்று, எங்கிருந்தோ மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அவன் பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துப் புள்ளியின் மேல் பூசினான். ஏரி சுத்தமானது.

அலமாரிக்குள் ஏதோ சத்தம் கேட்டது.

சட்.

அலமாரியில் இருந்தது கொக்குவின் காமிரா. பேட்டரியைக் கழற்றி நான்கு மாதம் ஆகிறது.

கொக்கு என்பது மனைவியின் அண்ணன். முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, சரியான வெளிச்சம் வரும்வரை மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிற மனிதருக்கு வேறு என்ன பேர் வைக்க முடியும்? வைத்தவன் ரப்பர்தான். படத்துக்குள் ஒரு குச்சி கிடந்தால்கூட அவர் நேரில் இறங்கிப் போய்க் கையால் எடுத்துப் போட்டுவிட்டு வருவார். கடைசி மாலையும் அதைப் பற்றித்தான் பேச்சு.

"ஒரு குச்சிக்காக இடுப்பளவு தண்ணியில இறங்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மச்சான். என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு செகண்ட் வேலை."

"நீ எடுக்க மாட்ட மாப்ள. மேல பூசுவ. பக்கத்துத் தண்ணியக் கிள்ளி அது மேல ஒட்டுவ. அடியில அது அப்படியேதான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே. யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"காமிராவுக்குத் தெரியும்ல."

மறுநாள் விடியும்போது கொக்கு ஏரிக்கரையில் முக்காலியை ஊன்றி, முப்பது நொடிக்கு ஒரு படம் என்று காமிராவை வைத்துவிட்டு, படத்தின் இடது ஓரத்தில் நின்ற கிளையைப் பிடுங்கத் தண்ணீரில் இறங்கினார். படங்கள் போன் வழியாக இந்த மேசைக்கு ஒவ்வொன்றாக வந்தன. முதல் படத்தில் தண்ணீர் தொடையளவு. இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் மார்பு, கிளையைக் கட்டிப் பிடித்தபடி. மச்சான் நன்றாக நடிக்கிறார் என்று ரப்பர் சிரித்தான். நான்காவதில் கிளையைக் காணோம். ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. அப்போது சிரிப்பு நின்றது. ஐந்தாவது படத்தில் மேகம் விலகி, இருபது வருடமாக அந்த மனிதர் காத்திருந்த வெளிச்சம் ஏரியின் மேல் குறுக்காக விழுந்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு கை.

கரையில் படகு வைத்திருக்கும் காவலாளியின் எண் ரப்பரின் போனில் இருந்தது. போன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவன் மௌஸை எடுத்தான்.

ஆறாவது படத்தில் வெளிச்சம் போய்விட்டது. வெறும் தண்ணீர்.

அன்றைக்குப் படம் எதுவும் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். மற்றவற்றை அழித்தான்; காமிரா கைக்கு வந்ததும் அதன் கார்டையும் துடைத்தான். ஐந்தாவதில் கையை மூடி, தன் பேரைப் போட்டுப் போட்டிக்கு அனுப்பினான். நல்ல படத்தின் ரா ஃபைலை அழிப்பது தொழில் தர்மம் இல்லை என்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டான்.

அதைத்தான் இப்போது போட்டி நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஒன்பதாம் விதி: காட்சியில் இருந்த எதையும் நீக்கவில்லை என்பதற்குச் சான்றாக, காமிராவில் பதிந்த ரா ஃபைலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். ரா ஃபைல் என்பது காமிரா பார்த்ததைப் பார்த்தபடி வைத்திருக்கும். அதில் எந்த மாற்றம் செய்தாலும் கம்ப்யூட்டர் அதைப் பக்கத்தில் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுமே தவிர மூலத்தைத் தொடாது. ரப்பர் கை வைக்க முடியாத ஒரே பொருள். அனுப்பினால் அந்தக் கையை நடுவர்கள் பார்ப்பார்கள். பிறகு ஊர் பார்க்கும். பிறகு, அடுத்த அறையில் டீ போட்டுக்கொண்டிருந்த கொக்குவின் தங்கை பார்ப்பாள்.

அவன் ரா ஃபைலைத் திறந்தான்.

கை ஓரத்தில் இல்லை. நடுவுக்கு வந்திருந்தது. மணிக்கட்டு தெரிந்தது.

மூடினான். திறந்தான். முழங்கை.

சட்.

முப்பது எண்ணினான். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

சட்.

கதவு திறந்தது. மனைவி டீயை மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது, குளத்துக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி வாடை. ஜன்னலைத் திறந்தா என்ன, கலர் ஓடிப் போயிடுமா?"

"ஏதாவது சத்தம் கேக்குதா உனக்கு?"

"உங்க கம்ப்யூட்டர் இழுக்குற மூச்சுதான் வீடு பூரா கேக்குது." அவள் திரையைப் பார்க்குமுன் அவன் அதை அணைத்தான். அவள் அணைந்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணன் காமிராவுல இருந்து கடைசியா ஒண்ணுமே வரலன்னீங்கல்ல?"

"ஒண்ணுமே வரல."

"ம்."

அவள் போன பிறகு திரையைப் போட்டான். முகம் இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் குமிழிகள்.

வழி ஒன்றுதான் இருந்தது. அதே இடம், அதே வெளிச்சம், வெறும் தண்ணீர். புதிதாக ஒரு ரா ஃபைல். காமிரா எண் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கொக்குவின் காமிராவையே எடுத்தான். பேட்டரி போட்டு, தேதியை நான்கு மாதம் பின்னால் தள்ளினான். கட்டத்துக்குக் கட்டம் பொருந்த, பரிசுப் படத்தின் மேல் புதுப் படத்தை வைத்துப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மனைவிக்கு எடிட்டிங் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

"மச்சான் ஞாபகமா, அதே இடத்துல ஒரு படம் எடுக்கலாம்னு பாக்குறேன்" என்றான்.

"எடுங்க" என்றாள் அவள்.

இரண்டு நாள் மேகம் ஏமாற்றியது. வெளிச்சத்துக்காக மனிதன் காத்திருப்பதாவது என்று காலமெல்லாம் கிண்டல் செய்தவன், இரண்டு விடியலும் குளிரில் பல் கிட்டித்து, முக்காலிக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கிழக்கே மேகத்தில் ஒரு கீறல் விழுந்தது. மலையடிவாரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. நாணலுக்குள் ஏதோ நழுவியது. அவன் அறையில் கசிந்துகொண்டிருந்த அதே வாசனை இங்கே பெரிதாக, சொந்த வீட்டில் இருப்பதுபோல, தண்ணீரின் மேல் படுத்துக் கிடந்தது.

சட். காமிரா வேலையைத் தொடங்கியது.

காதிலிருந்த ஹெட்செட்டில் மனைவி பேசினாள். "படம் வந்துடுச்சு. கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க. போதும். மலை சரியா உக்காந்துடுச்சு."

"தண்ணி?"

"தண்ணியில ஒரு கிளை நிக்குதுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏரியில், இடது ஓரமாக, கறுப்பாக ஒரு கிளை. நுனியில் ஐந்து சிம்புகள். இரண்டு நாளும் அது அங்கே இல்லை.

ரா ஃபைலில் கிளையை அழிக்க முடியாது. மேகத்தின் கீறல் அகலமாகிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நிமிடம் இருக்கலாம்.

ரப்பர் செருப்பைக் கழற்றினான். பேன்ட்டை முழங்கால்வரை மடித்தான். ஒரு குச்சியை எடுக்கத் தண்ணீரில் இறங்கினான்.

தொடை. சேறு வெதுவெதுப்பாக இருந்தது. சட். இடுப்பு. சேறு விரல்களுக்கிடையில் புகுந்து, பாதத்தைச் சுற்றி, இதமாக, கை குலுக்குவதுபோல இறுக்கியது. கிளையைப் பிடித்தான். அது வழவழவென்று இருந்தது. அது அவனைத் திரும்பப் பிடித்தது.

சட்.

கையை உதறினான். கிளை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது. அவன் காலை உருவப் பார்த்தான். வரவில்லை. மார்பு.

"கேக்குதா? காவலாளிக்குப் போன் பண்ணு. கால் மாட்டிக்கிச்சு."

ஹெட்செட்டில் மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது.

"உன்னத்தான். படகை எடுத்துட்டு வரச் சொல்லு. நம்பர் மேசையில எழுதி வெச்சிருக்கேன்."

"தெரியுங்க. போன் பக்கத்துலதான் இருக்கு." அவள் குரல் சாதாரணமாக இருந்தது, துணி மடிக்கும்போது பேசுகிற குரல். "பொருந்துதான்னு பாக்க, பரிசுப் படத்தோட ரா ஃபைலையும் தேடி எடுத்துத் திறந்து வெச்சிருக்கேன். அதுலயும் அதே இடத்துல ஒரு கை தெரியுது."

சட்.

"மோதிரத்தைப் பாத்தேன். நான் வாங்கிக் குடுத்தது."

"அது... நான் சொல்றதைக் கேளு..."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

தண்ணீர் தாடையைத் தொட்டது. அவன் ஒரு கையைத் தூக்கினான். வேறென்ன செய்ய முடியும்? மேகம் விலகியது. வெளிச்சம் ஏரியின் மேல் குறுக்காக விழுந்தது. அதே வெளிச்சம். கட்டத்துக்குக் கட்டம்.

முக்காலிக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

ஒற்றைக் காலில். இன்னொரு காலிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து காமிராவில் கண்ணை வைத்திருந்தார்; அவசரமே இல்லை. பிறகு உள்ளங்கையை மெல்ல உயர்த்திக் காட்டினார், படம் எடுக்கும்போது எல்லோருக்கும் காட்டுவாரே, அப்படி.

அசையாதே.

"வெளிச்சம் நல்லா வந்திருக்குங்க" என்றாள் மனைவி. "ஓரத்துல ஒரு புள்ளி மட்டும் இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பண்ணிடுறேன்."

மௌஸ் சொடுக்கும் ஒலி காதுக்குள் கேட்டது. மிகத் துல்லியமாக.

வலிக்கவில்லை. தூக்கிய கையை நிமிர்ந்து பார்த்தான். விரல்கள் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. காற்றில், கை வடிவத்தில், ஓர் ஏரித் துண்டு. இடப்பக்கம் தளும்பிய சிற்றலைதான் அது: அதே வளைவு, அதே நுரை, அதே மிதக்கும் இலை. இரண்டாவது தடவை.

இன்னொரு சொடுக்கு. முழங்கை.

கரையில் அவர் ஒற்றைக் காலில் காத்திருந்தார். தண்ணீரில் ரப்பரும், கொக்கு மாதிரி, அசையாமல் நின்றான்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது.