கேஜ் கிளாஸ்

நெருப்பே போடாத பாய்லரில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதிகம் இல்லை, ஒரு நெல்மணி அளவுதான். இன்ஜினின் பின்பக்கம், டிரைவர் நிற்கும் இடத்தில், பென்சில் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில்தான் பார்ப்பார்கள். ரயில்வேயில் அதற்கு கேஜ் கிளாஸ் என்று பெயர். அருள்நாதன் பித்தளை தேய்த்து விரலில் ஒட்டியிருந்த புளியை லுங்கியில் துடைத்தார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஏறியது. கொஞ்சம் நின்றது. இறங்கியது.

மேஜை நீளம்தான் என்றாலும் அது பொம்மை இல்லை. நிஜமாகவே கரி தின்று, தண்ணீர் குடித்து, ஆவியில் ஓடுகிற இன்ஜின். ராயபுரத்தில் இடிக்கப்போன ஒரு பழைய பங்களாவிலிருந்து அதை மீட்டு, ஒரு சின்ன மூட்டைக் கரியோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர் தண்டபாணி. இருவரும் ஒரே லோகோ ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன்களாக இருந்தவர்கள். "வூட்லயே குந்திகினு கீற மாமு. கைக்கு இன்னாவது வேலை வோணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதமாக அருள்நாதன் துருவைச் சுரண்டினார், பழைய பெயின்டை ஐந்து அடுக்கு உரித்தார், கறுப்பு அடித்தார், மூன்று மயிர் மட்டும் விட்டு வெட்டிய பிரஷால் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு இழுத்தார். நேற்றுதான் பாய்லரில் பச்சைத்தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்க்க ராத்திரி முழுக்க விட்டுவைத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தெருவில் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் போனால் இந்த வீடு மொத்தமும் நடுங்கும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தார். லாரி ஒன்று போனது. டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம் வந்து அடங்கியது. கேஜ் கிளாஸ் அதைச் சட்டை செய்யவில்லை. அது பாட்டுக்கு ஏறியது, இறங்கியது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை அவர் கவனித்தார். நாள் பூராவும் கேட்கிற சத்தம்தான், அதனாலேயே காதில் விழாமல் போய்விட்ட சத்தம். கூடத்தின் மறுபக்கம் கட்டிலில் அவர் மனைவி வியாகுலம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது தண்ணீர் ஏறியது. வெளியே வரும்போது இறங்கியது.

அருள்நாதனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயப்பட வேண்டும் என்பது தெரிந்தது, பயம்தான் வரவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான். மனைவியின் நுரையீரல் இரண்டும் கரிப்பிடித்த சட்டி மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டியபோதும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னபோதும், சர்ச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனபோதும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அழுகையை எங்கோ வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவர் போல நடமாடிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஃபயர்மேன் வேலைக்குப் பிறகு அதே ஷெட்டில் பல வருஷம் ஃபிட்டர் வேலையும் பார்த்த கை அது, சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்த்துவிடும். குழாயின் அடியில் இருந்த சின்னத் திருகைக் கால் சுற்று திறந்தார். நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பின்னால் வியாகுலம்மாள் விக்கினாள், தொண்டையில் மீன்முள் மாட்டியவள் போல. திருகை மூடினார். விக்கல் நின்றது.

பத்தரை மணிக்கு ஷைனி போன் செய்தாள். மஸ்கட்டில் விமானம் ஏறப்போகிறாள். சொல்லாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு போன மகள். "என் சாவுக்குக்கூட வராத" என்று வாசலில் நின்று வியாகுலம்மாள் கத்தி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது கண் விழிக்கும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஷைனி வந்துட்சா?"

"டாடி, அம்மா எப்டி கீது?"

"கீது."

"நாலு மணிக்குள்ள வூட்ல இருப்பேன். அதுவரைக்கும் புடிச்சி வெச்சுக்கோ டாடி. நான் ஒரு வார்த்தை பேசணும். எனுக்கு வேற எதுவும் வேணாம்."

"வா. நான் பாத்துக்குறேன்" என்றார். ரயில்வேக்காரர் வாயால் சொன்னால் சொன்னதுதான்.

பதினொன்றுக்கு மின்சாரம் போனது. கட்டிலருகே இருந்த ஆக்ஸிஜன் மெஷின் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டிவிட்டு, அடுத்த சிலிண்டருக்குப் போன் செய்தார். டோல்கேட்டில் லாரி நெரிசல், வண்டி நகரவே இல்லை என்றார்கள். சிலிண்டரின் முள் மணிக்கூண்டு முள்ளைவிட வேகமாக இறங்கியது. பன்னிரண்டே முக்காலுக்குச் சிவப்பைத் தொட்டது. கேஜ் கிளாஸில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்து, அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது. வியாகுலம்மாளின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ்பெட்டி மீன் போல இருந்தன.

பதினோரு வருஷ ஃபயர்மேன் வேலையில் அருள்நாதனின் டியூட்டியில் கேஜ் கிளாஸ் ஒருநாளும் காலியானதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவரிடம் மிச்சம். பாய்லரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்; மட்டம் அசையவில்லை, இனி நெருப்புதான்.

ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்தார். உள்ளங்கை அகலம்தான். மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியைப் போட்டுத் தீக்குச்சி கிழித்தார். புகைபோக்கியின் மேல் பேட்டரியில் ஓடும் குட்டி ஃபேனை வைத்ததும் நெருப்பு சரசரவென்று உள்ளே இழுத்துப் பிடித்தது. அதன்மேல் மூட்டைக் கரி, பாக்கு அளவு கட்டிகளாக, சின்னக் கரண்டியால் ஒன்றொன்றாக. கூடத்தில் பழைய ஷெட்டின் வாசனை எழுந்தது, சூடான எண்ணெய், ஈரச் சாம்பல், கந்தகம். முப்பது வருஷம் அவள் அவருடைய சட்டைகளிலிருந்து கசக்கிப் பிழிந்து கொட்டிய வாசனை.

தண்ணீர் ஏறியது. கால் குழாய், அரைக் குழாய். பின்னால் மூச்சு நீண்டு, ஆழமாகி, சீராக வந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் மார்பு நன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் இருந்தது.

சந்தோஷம் வர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவர் அடுத்த கரியைப் போட்டார்.

ஒன்றரைக்கு மேல்மாடி வீட்டுப் பச்சையம்மா கஞ்சித் தூக்கோடு வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள், இந்தக் குடும்பத்தோடு இருபது வருஷப் பழக்கம்.

"இன்னா நைனா, படிக்கட்டு வரைக்கும் கரி நாத்தம் அடிக்குது. இந்த நேரத்துல ரயிலு வுட்டுகினு கீறியா?"

அவர் கேஜ் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சையம்மா கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் கஞ்சி குடிக்கிறியா?" என்று பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று உதறினாள்.

"அய்யே! அடுப்புல வெச்ச தோசக்கல்லு கணக்கா சுடுது நைனா!"

"கொஞ்சம் முன்ன ஜில்லுனு இருந்துச்சு. இப்ப பரவால்ல" என்றார் அருள்நாதன்.

பச்சையம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு இன்ஜினைப் பார்த்தாள். தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, "நான் போயி டாக்டரை இட்டாறேன்" என்று படி இறங்கி ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

அவள் போனபிறகு அவர் போய் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடியைத் தேடினார். வலக்கையில் தேடினார், இடக்கையில் தேடினார், கழுத்தோரம் தேடினார். இல்லை. இல்லை என்று தெரிந்துகொண்டு, கையை மறுபடி போர்வைக்குள் வைத்துவிட்டு, மேஜைக்குத் திரும்பினார். கரி போடும் நேரம் ஆகியிருந்தது.

இரண்டரைக்கு இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்துவிட்ட மாதிரி ஒரு வாசனை வந்தது. கட்டில் விரிப்பு, அவள் உடம்பைச் சுற்றி ஓரமாக, பழுப்பாகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு துணியை நனைத்து ஓரங்களில் ஒற்றினார். சுர்ரென்றது. அவள் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஷைனி வந்துட்சா?"

குரல் அவளுடையதுதான். ஆனால் அது உதட்டிலிருந்து வந்ததா, மேஜைப் பக்கமிருந்து வந்ததா என்பது அவருக்கு விளங்கவில்லை.

"வந்துகினே கீது" என்றார், இரண்டுக்கும் நடுவில் நின்று.

மூன்றேகால். மூட்டையை உதறினார். தூள்தான் கொட்டியது. மூலையில் ஒரே ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. அதைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்தார்.

உள்ளே நெருப்பு இல்லை.

சாம்பல். விரலை விட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. கால்மணி முன்னால் போட்ட கரி, எந்தக் காலத்திலோ அணைந்தது போல. பாய்லரைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

கேஜ் கிளாஸில் தண்ணீர் ஏறியது. இறங்கியது.

அப்படியானால் எரிவது எது?

திரும்ப வேண்டாம் என்று கழுத்து சொன்னது. திரும்பினார்.

வியாகுலம்மாளின் வாய் திறந்திருந்தது. கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, நாக்கை நீட்டி. சர்ச் பீடத்தின் முன் நற்கருணை அப்பம் வாங்க நிற்கிற மாதிரி. நாக்குக்குப் பின்னால், தொண்டையின் ஆழத்தில், சிவப்பாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது அந்தச் சிவப்பு வெளுத்தது. விடும்போது மங்கியது.

அருள்நாதன் கரண்டியோடு நடந்தார். ஆறு எட்டு. கரியை நாக்கின் மேல் வைத்தார். வாய் மூடியது.

தண்ணீர் அரைக் குழாய்க்கு ஏறியது. அரைமணி தாங்கியது. அப்புறம் இறங்கியது. கால் குழாய். விரல் அகலம். நூல் அகலம். பச்சையம்மாவையும் காணோம், டாக்டரையும் காணோம். போட ஒன்றும் இல்லை. கரண்டி கையிலேயே இருந்தது. வாய் மறுபடி திறந்தது. இந்தத் தடவை மூச்சு வெளியே வரவில்லை. உள்ளே மட்டும் போனது. ஜன்னல் திரை உள்பக்கமாகக் கட்டிலை நோக்கிச் சாய்ந்தது. மேஜையில் கிடந்த மூன்று மயிர் பிரஷ் உருண்டு கீழே விழுந்தது.

கீழே கார் நின்றது. படியில் ஓட்டம்.

"அம்மா!"

ஷைனி பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்க்கவில்லை. கட்டிலருகில் முட்டி போட்டு விழுந்தாள். "அம்மா, நான் வந்துட்டேம்மா. மன்னிச்சுக்கோம்மா." கண்ணீர் போர்வையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே புகைந்தது. வியாகுலம்மாளின் கை எழுந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது.

"எவ்ளோ சுடுது டாடி, காய்ச்சலா? அம்மா ஏதோ சொல்லுது... எனுக்குக் கேக்கல..."

காதை வாயருகே கொண்டுபோகக் குனிந்தாள். பயணத்தில் கலைந்த கூந்தல் தோளிலிருந்து நழுவித் தொங்கியது. தொங்கியது நேராகக் கீழே தொங்கவில்லை. நுனி சாய்ந்தது. ஒரு மயிர், இரண்டு மயிர், அப்புறம் ஒரு கொத்து, மெல்ல மெல்ல, அந்தச் சிவப்புக்குள் போனது.

அருள்நாதன் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்கு முன் பழக்கம் அவரைத் திருப்பியது. மேஜையைப் பார்த்தார்.

கேஜ் கிளாஸில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கால் குழாய். அரைக் குழாய்.

அவர் கூப்பிடவில்லை. பின்னால் ஷைனி, "சொல்லும்மா" என்று இன்னும் குனிந்தாள்.